அனுமதி பெற்ற புகை

ஒரு காட்டில் கோடை முற்றுமுன் சருகையெல்லாம் விலங்குகள் தாங்களே கொளுத்திவிடுவது வழக்கம். சருகு தீர்ந்துபோனால், காட்டுத்தீ வந்தாலும் தின்ன ஒன்றும் கிடைக்காது. யோசனையில் பிழையில்லை. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய காட்டெருமைத் தலைவர் மேட்டில் குடியிருந்தார். புகை பள்ளத்தில் இறங்கிப் படுத்துக்கொண்டது.

பள்ளத்து மருதமரத்தில் பூவாத்தாள் என்ற மலையணில் இருந்தாள். புகை வந்தது முதல் அவள் குட்டி பால் குடிக்கவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விட்டது. விலா உள்ளே போய் வருவதைப் பார்க்க அவளுக்கு மனம் தாளவில்லை.

காட்டில் ஓர் அருவிக் குகை உண்டு. தண்ணீர்த் திரை மறைப்பதால் உள்ளே புகை நுழையாது. அதன் வாசலில் காற்றுத்தர அதிகாரி உடும்பு நஞ்சப்பன் காவலிருந்தார். பின்னால் காற்றை அளக்கும் கருவி சிவப்பு விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது. தூக்கம் கெடுகிறதென்று அதன் வாயில் இலையை அடைத்திருந்தார்.

குட்டியைக் கவ்விக்கொண்டு வந்த பூவாத்தாள் அதைக் கீழே விட்டு, குகையில் ஓர் ஓரம் போதும் என்று கேட்டாள். உடும்பு நிதானமாக விளக்கினார். குகை, காட்டுத்தீப் புகையால் பாதிக்கப்பட்டோருக்கு உரியது. இதுவோ சபை கூடி, நாள் குறித்து, தலைவர் கையால் பற்றவைத்த புகை. இதனால் யாரும் பாதிக்கப்பட வழியில்லை.

"குட்டிக்கு மூச்சு வாங்குதுங்களே."

"பழக்கமில்லை, அம்மணி. நல்ல புகைதான். போகப்போகச் சரியாயிரும்."

"கருவி செவப்பாக் காட்டுதுங்களே."

"அது வெறும் மிஷினு. யார் வெச்ச தீன்னு அதுக்குத் தெரியுமா?"

"என்ற குட்டிக்கும் தெரியலீங்க."

உடும்பு நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். காட்டுத்தீ வரட்டும், முதல் ஆளாக உள்ளே விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுப்பதில் அவர் தாராளம்.

குட்டியின் வாயோரம் நீலம் பாரித்தது. பூவாத்தாள் அதைக் குகை வாசலருகே ஈரப் பாசியில் கிடத்திவிட்டு, தலைவர் கொளுத்திய இடத்துக்கு ஓடினாள். தீ எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்ள நிறுத்திய கரடிகள் உறங்கிக்கொண்டிருந்தன. கங்கு பிடித்த குச்சி ஒன்றைக் கவ்வினாள். மேட்டில், தலைவர் வீட்டையொட்டிய மூங்கில் புதரில் போட்டாள்.

சற்று நேரத்தில் காட்டுத்தீ என்று சங்கு ஊதியது. குகை திறந்தது. உடும்பு சொல் தவறவில்லை. பூவாத்தாளும் குட்டியும்தான் முதலில் நுழைந்தார்கள். குட்டி ஈரக்காற்றை இழுத்தது, இருமியது, பிறகு முலையைத் தேடியது.

மாலையில் வால் கருகிய தலைவர் குகையில் பேசினார். முன்கூட்டியே கொளுத்தியதால்தான் பாதிக் காடாவது மிஞ்சியது, அடுத்த ஆண்டு இருமடங்கு கொளுத்துவோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பூவாத்தாளும் தட்டினாள். வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

நீதி: பள்ளத்தில் இருமினால் அதைப் புகையென்று எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். குட்டி பிழைக்க வேண்டுமானால் மேட்டில் கொளுத்து.