சம்பந்தியின் நாடி

கேப்டன் டப்பாவைக் கோப்பையின் மேல் கவிழ்த்துத் தட்டினார். பொடிசான வெள்ளை மாத்திரைகள் மூன்று தேநீருக்குள் விழுந்து கரைந்தன. எதிர் நாற்காலியில் இருந்த எஞ்சினியர் கோப்பையையே வெறித்துப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, முழி பிதுங்குது? உங்க இனிப்பு மாத்திரையில மூணு எடுத்தா சொத்தா கரைஞ்சிடும்?"

டப்பாவின் மேல் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு என்றுதான் அச்சிட்டிருந்தது. ஆனால் எஞ்சினியர் அதில் ஒளித்து வைத்திருந்தது தன் இதய மாத்திரையை. உட்காரும்போது சட்டைப் பையிலிருந்து நழுவிய டப்பாவைக் கேப்டன் எட்டிப் பிடித்துவிட்டார்.

எஞ்சினியர் ஆயுள் முழுக்கப் பாலம் கட்டியவர். இதயக் கோளாறு என்று வைத்தியர் வாசலை மிதித்த ஆண்மகன் அவர் பரம்பரையிலேயே கிடையாது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவருடைய இதயம் சில மாதங்களுக்கு முன் வெட்கமில்லாமல் தாளம் தப்பி ஓட ஆரம்பித்தது.

"இது ஒரு பூச்செடியோட இலையிலிருந்து எடுக்கிற மருந்து," என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். "இதயத்தோட ஓட்டத்தை நிதானப்படுத்தும், துடிப்புக்கு வலு கொடுக்கும். ஆனா மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல ஒரு நூல்தான் இடைவெளி. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். மறந்துட்டா மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. தினமும் நாடியை எண்ணுங்க. அறுபதுக்குக் கீழே இருந்தா போடாம எனக்குப் போன் பண்ணுங்க. வாந்தி, பசியின்மை, குழப்பம், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியறது, இதுல எது வந்தாலும் ஓடி வாங்க."

எஞ்சினியர் அன்றே மிரண்டுபோனார். பத்து டன் தாங்கும் என்று பலகை மாட்டிய பாலம் பதினைந்து டன்னும் தாங்கும். அந்தக் கூடுதல் வலுவை வைத்துத்தான் அவர் தொழிலே. அது இல்லாத பாலத்தை எவன் கட்டுவான்?

ஆனாலும் தினமும் யாருக்கும் தெரியாமல் ஒன்றை விழுங்கி வந்தார். நாக்கில் லேசாக இனித்தது. செடி மருந்தல்லவா, இனிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவிக்குக்கூடத் தெரியாது. பாவம், அவள் இந்த வயதில் திடீரென்று பாசம் பொங்கி, காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே கனவு காண்பவள்போலப் பார்த்திருந்துவிட்டு, சத்து மாத்திரை ஒன்றை ஊட்டிவிடுகிறாள். ஒருநாள் மட்டும், "இன்னிக்குச் சத்து போதும், வாங்க டாக்டர்கிட்ட ரத்தம் கொடுத்துட்டு வருவோம்" என்றாள். பெண்களின் மனசை யார் அறிவார்!

அவளுக்கே தெரியாதது இந்தச் சம்பந்திக்குத் தெரிவதா? கேப்டன் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர், மருமகளின் தகப்பனார். கை குலுக்கினால் எலும்பு நொறுங்கும். மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறுவது யார் என்பதில் இரண்டு பேருக்கும் கல்யாணத்தன்றே போட்டி ஆரம்பித்தாயிற்று.

"இருங்க, அந்த டீ ஆறிப்போச்சு!" என்று எஞ்சினியர் கோப்பையைப் பறிக்கப் பாய்ந்தார்.

"ஆறினதா? ஆவி பறக்குது!" கேப்டன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். "அடடா, என்ன இனிப்பு!"

முடிந்தது. ஒரு மனிதன் மூன்று நாள் மருந்தை ஒரே வாயில் குடித்துவிட்டான். 'அது என் இதய மாத்திரை' என்ற ஒரு வாக்கியம் எஞ்சினியரின் தொண்டைவரை வந்தது. பரம்பரை முழுவதும் வரிசையாக நின்று அதை உள்ளே தள்ளியது.

முதலில் நாடியைப் பார்ப்போம் என்று எழுந்துபோய்க் கேப்டனின் மணிக்கட்டைப் பற்றினார்.

"என்ன சம்பந்தி, கையைப் பிடிக்கறீங்க?"

"பாசம்."

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். ஐம்பத்திரண்டு! மறுபடியும் எண்ணினார். அதே ஐம்பத்திரண்டு!

"பாசமா? புரிஞ்சுபோச்சு, பலப்பரீட்சை! வாங்க, ஒரு கை பார்ப்போம்!" கேப்டன் முழங்கையை மேசையில் ஊன்றினார்.

"வேண்டாம்! அசையாதீங்க! இதயத்துக்கு..."

"யாரோட இதயத்துக்கு?"

எஞ்சினியர் நாக்கைக் கடித்துக்கொண்டார். உளறியதற்குத் தண்டனையாக அவர் கை மேசையில் சாய்க்கப்பட்டது. ஜெயித்த கேப்டனுக்கும் மூச்சு வாங்கியது. அதைப் பார்த்து இவருக்கு மூச்சே நின்றது.

கண்ணைச் சோதிக்க, சட்டைப் பையிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். "இது என்ன நிறம்?"

கேப்டன் குனிந்து பார்த்தார். "மஞ்சள்."

"ஐயோ! நல்லாப் பாருங்க!"

"பழுப்பு கலந்த மஞ்சள். இதை நீங்க துவைச்சு எத்தனை நாளாச்சு சம்பந்தி?"

குடும்ப மானத்தில் விழுந்த அந்த அடியைக்கூட எஞ்சினியர் உணரவில்லை. பிஸ்கட் தட்டைக் கேப்டன் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு எடுத்துக்குங்க."

"பசி இல்ல."

பசியின்மை! எஞ்சினியர் அடுக்களைக்கு ஓடினார். பின்கட்டில் மனைவியும் மருமகளும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி எடுத்து வந்தார். வாந்தி எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது அவர் கணக்கு.

"இதைக் குடிங்க. உடம்புக்கு நல்லது. தைரியம் இருந்தா."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

"தைரியமா? கடல் தண்ணியில வாய் கொப்பளிச்சவன்யா நான்!" கேப்டன் கண்ணிமைக்காமல் குடித்து டம்ளரைக் கவிழ்த்தார். வாந்தி வரவில்லை. முகம் மட்டும் பாசி பிடித்த படித்துறைபோல ஆனது. "வயித்தைப் புரட்டுதே..." என்றார் ஈனக் குரலில்.

இனி ஒரு அறிகுறியும் பாக்கியில்லை. எஞ்சினியர் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அந்த மாத்திரையைத் தெரியாம மூணு போட்டுட்டார். டீயில."

"டீயிலயா? கசக்குமே, அவருக்குத் தெரியலையா?"

"ரொம்ப இனிப்பா இருக்குன்னார்."

"குழப்பம் வேற ஆரம்பிச்சாச்சா? நாடி?"

"ஐம்பத்திரண்டு. வாந்தி வரட்டும்னு உப்புத்தண்ணி..."

"யார் சொன்னாங்க உப்புத்தண்ணி கொடுக்கச் சொல்லி? அதுவே ஆளைக் கொன்னுடும்! இப்ப நல்லா இருந்தாலும் நம்பாதீங்க, விஷம் பல மணி நேரம் கழிச்சுக்கூடக் காட்டும். மருந்து டப்பாவோட உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க!"

எஞ்சினியர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். சவத்துக்குப் பவுடர் பூசியது போலிருந்தது. கூடத்துக்குத் திரும்பினார்.

"சம்பந்தி, எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எனக்கா ஆஸ்பத்திரி? என் வம்சத்துல எவனும் போனதில்ல!"

அந்த வாக்கியம் தன் வாயிலிருந்து எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எஞ்சினியருக்கு அப்போது உறைத்தது. தூணில் விரிசல் என்று தெரிந்த பிறகும் பச்சைக்கொடி காட்டுகிறவன் மனிதனா? மானம் போனால் போகட்டும். மருமகளுக்குத் தகப்பன் வேண்டும்.

நிமிர்ந்து நின்றார். "நீங்க குடிச்சது இனிப்பு இல்ல. என் இதய மாத்திரை. எனக்கு இதயம் சரியில்ல. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இந்த டப்பாவுல ஒளிச்சு வச்சேன். செடியிலிருந்து எடுக்கிற மருந்து, அளவு மீறினா ஆளையே..."

கேப்டன் சிரிப்பார், ஊர் முழுக்கத் தண்டோரா போடுவார் என்று காத்திருந்தார். கேப்டன் சிரிக்கவில்லை. அவர் கை தானாக இடுப்புப் பைக்குள் போனது. எப்போதும் பெருமையாக வைத்திருக்கும் திசைகாட்டிப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே முள் இல்லை. வடக்கு தெற்கெல்லாம் பொடிசான வெள்ளை மாத்திரைகள்.

"செடி மருந்தா?" என்றார் நாக்குக் குழற. "காலையில நானும் ஒண்ணு போட்டுட்டுத்தானே வந்தேன்... அப்ப நாலு! சம்பந்தி, என்னைக் கொன்னுட்டீங்களே!"

"நீங்களுமா?"

"என்னைப் பிடிச்சுக்குங்க!"

"என்னை யார் பிடிக்கிறது?"

பாலமும் கப்பலும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு சோபாவில் சரிந்தன. சத்தம் கேட்டு மாமியாரும் மருமகளும் ஓடி வந்தார்கள். மாமியார் பேச்சின்றிக் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். மருமகள் திசைகாட்டிப் பெட்டியைப் பார்த்தாள். இனிப்பு டப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, அழாதீங்க, டீயில நீங்க போட்டுக்கிட்டது வெறும் இனிப்புதான்," என்றாள். "உங்க பெட்டியைப் பார்த்து வளர்ந்தவ நான், மாமாவோட டப்பாவைப் பார்த்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேன். மாமா, நீங்க அதை ரொப்பி வைக்கிறப்பல்லாம், யாராவது டீயில போட்டுடக் கூடாதேன்னு நான் இனிப்பா மாத்திடுவேன். உங்க நிஜ மாத்திரைதான் அத்தை தினமும் நாடியை எண்ணிப் பார்த்துட்டு ஊட்டிவிடற சத்து மாத்திரை!"