துண்டு என்றால் குனி

"துண்டு!" என்று பொன்னுதுரை கத்தியதும் தெய்வநாயகம் நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தார்.

"யாரு கிராணி ஐயா? பெரிய அதிகாரியா?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"அட, யாருமில்ல. என் தோள்துண்டு கீழ விழுந்துருச்சு, அதத்தான் சொன்னேன். நிமிருங்க."

தபால் அலுவலகத்தில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, குப்பை கொட்டிவிட்டு, மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வருவதற்கு ஆறு மாதம் முன்பு ஓய்வு பெற்றவர் பொன்னுதுரை. ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. வீட்டுச் சுவரில் பல்லி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான், மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் பக்கத்துத் தெருவிலிருந்த கண் தெரியாத தெய்வநாயகம் துணைக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டார். சனிக்கிழமைதோறும் பங்கீட்டு அரிசி வாங்க அவரை அழைத்துப்போகும் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். சம்பளம் கிடையாது, பெருமை ஏராளம்.

அரிசிக் கடைக்கு எதிரே ஜப்பானியர் காவல் சாவடி. சிப்பாயைக் கண்டு குனியாதவன் கன்னத்தில் அறை விழும். "இவரு மேல ஒரு அறை விழாது. விழுந்தா நான் கிராணியே இல்ல" என்று தெய்வநாயகத்தின் மனைவி இந்திராவிடம் சவால் விட்டிருந்தார்.

சிக்கல் ஒரு சொல்லில் வந்தது. தெய்வநாயகம் மலாக்காச் செட்டி. கும்பிடுவது நம் பிள்ளையாரைத்தான்; வீட்டுப் பேச்சோ மலாய். மலாயில் 'துண்டுக்' என்றால் குனி. சாவடிக்கு அதுதான் சைகைச் சொல் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பொன்னுதுரையின் தோளில் துண்டு தங்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

"இனிமே வார்த்தையே வேணாம். முதுகுல ஒரு தட்டுத் தட்டுறேன், குனிஞ்சுருங்க" என்றார் பொன்னுதுரை.

அரிசி வரிசையில் நின்றபோது மீனாட்சிசுந்தரம் என்ற பழைய சிநேகிதர் பின்னாலிருந்து, "சௌக்கியமா நாயகம்?" என்று தெய்வநாயகத்தின் முதுகில் தட்டினார். தெய்வநாயகம் குனிந்தார். யாரோ அதிகாரி வருகிறார் என்று பதறி, வரிசை முழுவதும் மளமளவென்று குனிந்தது. தட்டிய மீனாட்சிசுந்தரமும் குனிந்தார்.

"யாருய்யா வந்தது?"

"தெரியல. எதுக்கும் குனிஞ்சே இருப்போம்."

பொன்னுதுரை தெய்வநாயகத்தின் காதருகே போனார். "தட்டும் வேணாம். இருமுறேன். ஒரு இருமலுக்கு ஒரு குனிவு."

கடைக்காரர் அந்த நேரம் பார்த்துத்தானா மரவள்ளி மாவு மூட்டையை உதற வேண்டும்? பொன்னுதுரை ஏழு தடவை இருமினார். தெய்வநாயகம் ஏழு தடவை குனிந்தார். வரிசையும் சளைக்காமல் ஏழு தடவை குனிந்து எழுந்தது. தன்னை விட்டுவிட்டு இந்தக் கூட்டம் வேறு யாருக்கு இத்தனை மரியாதை செய்கிறது என்று பார்க்க, சாவடிச் சிப்பாய் துப்பாக்கியோடு வந்துவிட்டான்.

பொன்னுதுரைக்கு இருமல் நின்றது. சொல் மறந்துவிட்டது, தட்டுவதற்குக் கை எழவில்லை. பயத்தில் மரம் மாதிரி நிமிர்ந்து நின்றார். சிப்பாய் கையை ஓங்கினான்.

பூட்ஸ் சத்தம் பக்கத்தில் வந்து நின்றதுமே தெய்வநாயகத்தின் கை பொன்னுதுரையின் பிடரியைப் பிடித்து அழுத்தியது. இருவரும் சேர்ந்தே குனிந்தார்கள். சிப்பாய் ஓங்கிய கையை இறக்கிவிட்டு, வரிசையை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனான்.

"தடுமாறிட்டீங்களா நாயகம்? நல்ல வேளை, என் கழுத்தப் பிடிச்சீங்க. நான் பக்கத்துல இல்லன்னா விழுந்திருப்பீங்க!"

"ஆமா கிராணி ஐயா. நீங்க இல்லாட்டி என் கதி என்ன ஆகும்!"

திரும்பும் வழியெல்லாம் பொன்னுதுரை நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். தபால் அலுவலகத்தில் கடைசி நாள் மாலை போட்டபோதுகூட அவருக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. தெய்வநாயகம் கைகால் கழுவக் கொல்லைப்புறம் போனதும், அரிசிப் பையை இந்திராவிடம் நீட்டினார்.

"பாத்தீங்களாம்மா? ஒரு அறை விழல. நான் எதுக்கு இருக்கேன்?"

இந்திரா கையெடுத்துக் கும்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழும் மலாயுமாகப் பெருமை பொங்கச் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப நல்ல மனசு ஐயா, மத்த ஆறு நாளும் பாசாருக்குச் சாமான் வாங்கத் தனியாவே போய்ட்டு வர்றவரு, 'பென்சன் ஆன மனுஷன் வீட்டுலயே வாடிப்போயிடக் கூடாது'ன்னு, சனிக்கிழமை மட்டும் கைத்தடிய ஒளிச்சு வெச்சுட்டு உங்களுக்காகக் காத்திருக்காரு!"