எஞ்சினுக்குச் சாத்திய பட்டு

கப்பல் எஞ்சினியர் என்றால் அறிவாளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் ஒரு கப்பல் எஞ்சினியர்தான்.

முதல் வேலை ஒரு கிழட்டுச் சரக்குக் கப்பலில். அதன் டீசல் எஞ்சின் மூன்று மாடி உயரம், என்னைவிட மூத்தது, எண்ணெய் ஒழுகாத இடமே கிடையாது. நான் ஜூனியர், அதுவும் தற்காலிகம். தூத்துக்குடிக்காரரான சீஃப் எஞ்சினியர் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால்தான் வேலை நிலைக்கும். அதற்காக நான் குழைந்த குழைவை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

ஆயுத பூஜை அன்று துறைமுகத்தில் நின்றிருந்தோம். "ஏல, பூஜைய நீயே பாத்துக்க" என்றார் சீஃப். போதாதா? காஞ்சிபுரத்துக்காரன் வெறும் சந்தனம் குங்குமத்தோடு விடுவானா? எங்கள் ஊரில் பட்டு சாத்தாத சாமி உண்டா? (எங்கள் வீட்டில் தறிக்கே சாத்துவோம்.) அப்பா தன் கையால் நெய்து கொடுத்தனுப்பிய அங்கவஸ்திரம் பெட்டியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கு முகம் எங்கே என்று தேடினேன். மேல்தட்டில் டர்போசார்ஜர், வட்டமாக, வலை போட்டு, லட்சணமாக இருந்தது. சுற்றிக் கட்டித் தறிக்கார முடிச்சு ஒன்றும் போட்டேன். லேசில் அவிழாது.

அந்த வலை வழியாகத்தான் எஞ்சின் காற்றை இழுக்கிறது. பரீட்சையில் படம் போட்டு எழுதியவன் நான். மார்க்கும் கொடுத்தார்கள், புண்ணியவான்கள்.

சீஃப் கீழே நின்றபடியே கும்பிட்டுவிட்டுச் சுண்டலோடு போய்விட்டார். சாத்தியதை மறுநாள் பூஜை போடாமல் எடுப்பது எங்கள் வீட்டில் மகாபாவம். அதனால் நான் தொடவில்லை. கப்பலோ விடியும்போதே கிளம்பிவிட்டது.

துறைமுக வாயிலில் வேகம் கூட்டச் சொன்னார்கள். எஞ்சின் டமார் டமார் என்று இருமியது. மேலே ஒரே கரும்புகை. கேப்டன் போனில் கத்த, சீஃப் படியேறி ஓடினார். வலையோடு வலையாகப் பட்டு ஒட்டிக்கிடந்தது.

"எஞ்சினுக்கு வேட்டி கட்டுனவன் எவம்ல?"

"அங்கவஸ்திரம் சார்" என்று திருத்தினேன். (அந்த நேரத்தில் திருத்தம் வேறு.)

எஞ்சினை நிறுத்தினார்கள். இழுவைப் படகு வந்து கப்பலைப் பிடித்துக்கொண்டது. நான் முடிச்சை அவிழ்த்துத் துணியை எடுத்த பிறகுதான் கப்பல் மறுபடி கிளம்பியது. அடுத்த துறைமுகத்தில் என்னைப் பெட்டியோடு இறக்கிவிட்டார்கள். வேலை போய்விட்டது என்று அழுதுகொண்டே அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"துணி கிழிஞ்சிடுச்சாப்பா?" என்றார்.

"இல்லப்பா."

"ஒரு இழைகூட?"

"இல்லப்பா."

"அப்ப சரி. பத்திரமா எடுத்துக்கினு வா."

பிறகு வேறு கப்பல்கள் கிடைத்தன, அது என் திறமையால் அல்ல. லீவில் வந்தால் அப்பாவின் பட்டுக் கடையில்தான் உட்கார்கிறேன். வலை வலையாகக் கரி படிந்த அந்த அங்கவஸ்திரம் அங்கே கண்ணாடிக்குள் தொங்குகிறது. துவைக்க விடமாட்டார். முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுகிறார்.

"கப்பல் எஞ்சினே இழுத்துப் பாத்துதும்மா, ஒரு இழை போவல" என்பார். அப்புறம் என் பக்கம் கையை நீட்டுவார்.

"பையனத்தான் திருப்பி அனுப்பிட்டாங்க. துணியில ஒரு குறை சொல்லலம்மா."