குங்குமம் வைத்த கார்பைன்

ஒருவர் எந்தப் பதவிக்குத் தகுதியானவர் என்பதை அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் துப்பாக்கியின் வயதைக் கொண்டு தீர்மானிப்பது, துபாயில் ஒரு கட்டுமான நிறுவனம் அண்மையில் கண்டறிந்த நிர்வாக முறை. அதற்கு முன் மேலாளர்கள் போன்சாய் வளர்த்தார்கள். பொது மேலாளர் சிவசங்கரன் லண்டனிலிருந்து வெள்ளைக்காரக் குதிரைப்படையின் பழைய கார்பைன் ஒன்றைத் தருவித்ததும், மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

கார்பைன் என்பது குட்டைத் துப்பாக்கி. பின்பக்கம் மருந்தைத் திணித்து, குட்டிச் செப்புத் தொப்பி மாட்டி, அதன் தலையில் தட்டினால் வெடிக்கும். அதாவது, வெடித்த காலத்தில் வெடிக்கும். இப்போது குழலை அடைத்து, முறைப்படி அனுமதி வாங்கி, சுவரில் மாட்டுவதோடு சரி.

புஜைரா கிளை மேலாளர் பதவி காலியாக இருந்தது. கராமாவில் குடியிருந்த எஞ்சினியர் ஸ்ரீகாந்துக்கு அதன்மேல் ரொம்ப நாளாகக் கண். அவரும் ஒரு கார்பைன் வாங்கினார்.

"கறைதான் வயசு. துடைச்சிடாதீங்க," என்று சிவசங்கரன் அருள்வாக்கு சொல்லியிருந்தார்.

துப்பாக்கியின் வயதைச் சோதிக்க நிறுவனத்தின் ஆய்வுக்குழு வரவேண்டிய நாள் ஆயுத பூஜையாக அமைந்தது. ஸ்ரீகாந்த் குளித்துவிட்டு வந்தபோது, கார்பைன் குத்துவிளக்குபோல மின்னிக்கொண்டு சாமி முன்னால் கிடந்தது. மனைவி ராதா கம்பி நாரும் புளியும் போட்டுத் தேய்த்து, பொட்டும் வைத்திருந்தாள்.

"என்ன காரியம் பண்ணின ராதா?"

"ஊர்ல எல்லாரும் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கறாங்க. நம்ம வீட்லதான் நிஜமாவே ஆயுதம் இருக்கு. அழுக்கோடயா வைக்கறது?" என்றபடி அவர் பேனாவுக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

சாயங்காலம் ஆய்வுக்குழு வந்தது. குழு என்பது கணக்குப் பிரிவு அழகுமலை ஒருவர்தான். பூதக்கண்ணாடி அவரிடம் மட்டுமே இருந்தது.

"பளபளன்னா புதுசு. உங்க அனுமதி பழசுக்குத்தானே?"

"இது பழசுதான் சார்."

"அப்ப கறை எங்க?"

பூதக்கண்ணாடி, துப்பாக்கியில் பொறித்திருந்த பிரிட்டிஷ் கிரீட முத்திரையின் பள்ளத்தில் வந்து நின்றது. எண்ணெயில் குழைந்த குங்குமம் அங்கே அப்பியிருந்தது.

"பிரிட்டிஷ் துப்பாக்கியில குங்குமமா?" அழகுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நம்ம சமஸ்தானத்துப் படை ஏதோ இதைப் பறிச்சு, பூஜை பண்ணியிருக்கு சார்."

அந்தக் குங்குமம் காலை இட்லியைவிட இளையது. ஸ்ரீகாந்த் புஜைராவை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

'நூற்றைம்பது ஆண்டு வழிபாட்டுக் கறை' என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. ஸ்ரீகாந்துக்குப் பதவி கிடைத்தது. மற்ற மேலாளர்கள் பர் துபாய் பூஜைக் கடைகளுக்கு ஓடிக் குங்குமம் வாங்கினார்கள். சிவசங்கரனும் தம்முடைய அசல் கறையைத் தாமே தேய்த்துக் கழுவினார்.

புஜைராவில் ஸ்ரீகாந்தின் மேஜைக்கு வந்த முதல் புகார் கார்மேகத்தைப் பற்றியது. சைட்டில் டிரில்லிங் வேலை பார்ப்பவர். ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். குற்றம்: நிறுவனக் கருவியில் கறை படியச் செய்தமை.

"வருஷா வருஷம் வெக்கிறதுதான் சார்," என்றார் கார்மேகம்.

ஸ்ரீகாந்துக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் நிறுவனம் மதிப்பது பழைய கறையை மட்டும்தான்.

"இது புதுக் கறையாச்சே. ஒரு நூத்தம்பது வருஷம் போயிருந்தா ஏதாச்சும் பண்ணலாம்."

"எனக்கு விசாவே ரெண்டு வருஷந்தான் சார். அதுவும் இந்த மாசத்தோட முடியுது. இந்தப் புகார்ல நீங்க கையெழுத்துப் போட்டா புதுப்பிக்க மாட்டாங்க."

ஸ்ரீகாந்த் கையெழுத்துப் போட்டார். பேனாவில் ராதா வைத்த பொட்டு இன்னும் அழியவில்லை.