தயிர் சாதத்தில் நச்சுக்கிருமி

எல்லாம் தெரிந்தவனால் ஊருக்கு ஆபத்தில்லை. ஒன்றும் தெரியாதவனாலும் இல்லை. முக்கால்வாசி தெரிந்த ஒருவன், யாரும் கேட்பதற்கு முன்பே "நான் பாத்துக்கறேன்" என்று கையைத் தூக்குகிறானே, அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது. டெக்ஸாஸில், ஆலன் நகரத் தமிழ் மன்றத்தின் பொங்கல் விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் அந்தக் கையைத் தூக்கியவன் நான்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணினிப் பாதுகாப்புத் துறை. (அலுவலகத்தில் என் வேலை, பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் புதுப் பாஸ்வேர்டு கொடுப்பது. அதை நான் வெளியே சொல்வதில்லை.) எங்கள் மன்றத்து மின்னஞ்சல் குழுவில் குப்பைக் கடிதங்கள் குவிகின்றன என்று தலைவர் நடராஜன் அங்கிள் புலம்பினார். லாட்டரிப் பரிசு விழுந்ததாக வந்த ஒரு கடிதத்துக்குப் பொருளாளர் நன்றி சொல்லிப் பதில் போட்டிருந்தாராம். எனக்குக் கை துறுதுறுத்தது.

அந்த வார இறுதியிலேயே ஒரு பாதுகாப்பு மென்பொருளைக் குழுவின் வாசலில் நிறுத்தினேன். கெட்ட கடிதம் வந்தால் பிடித்து வைத்துக்கொண்டு, தானாகவே ஓர் எச்சரிக்கை அனுப்பும். யாருக்கு அனுப்பலாம் என்று அது கேட்டது. அனுப்பியவருக்கா, நிர்வாகிக்கா, உறுப்பினர் அனைவருக்குமா? பாதுகாப்பில் கஞ்சத்தனம் எதற்கு என்று எல்லாவற்றையும் டிக் செய்தேன். ஆதாரம் வேண்டுமே என்று, பிடிபட்ட கடிதத்தையும் எச்சரிக்கையின் அடியில் ஒட்டச் சொன்னேன். (பிடித்த திருடனை வீடு வீடாக அழைத்துப்போய் அறிமுகப்படுத்துவது போல.)

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் மன்றத்துக்கு ஆங்கிலத்தில் எச்சரிக்கையா? கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவனுக்கு அது அடுக்குமா? உட்கார்ந்து நானே தமிழில் எழுதினேன். வைரஸ் நச்சுக்கிருமி ஆனது. குவாரன்டைன் தனிமைப்படுத்தல் ஆனது. அனுப்பியவர் பெயரும் கடிதத்தின் தலைப்பும் தானாக வந்து உட்கார இடம் விட்டேன். வாக்கியம் நீளமாகத் தெரிந்ததால், 'மின்னஞ்சல்', 'கணினி' என்ற இரண்டு சொற்களை வெட்டினேன். மின்னஞ்சலில் வருகிற எச்சரிக்கை மின்னஞ்சலைப் பற்றித்தான் என்பது யாருக்குத் தெரியாது?

என் அறைத்தோழன் சலீம், வாணியம்பாடிக்காரன், எட்டிப் பார்த்தான்.

"மச்சான், கார்ப்பரேஷன்ல டெங்குக்கு ஒட்டுவானே, அந்த நோட்டீஸ் மாதிரி இருக்குடா."

"உனக்குத் தமிழ்ல டேஸ்ட் கம்மி."

"அது சரி. நாளைக்கு டெஸ்ட் பண்ணிட்டு ஆன் பண்ணு."

டெஸ்டாவது. அப்போதே ஆன் செய்தேன்.

இப்போது சுகந்தி ஆன்ட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்றத்தின் எல்லா விழாவுக்கும் தயிர் சாதம் அவர் கைதான். வாராவாரம் எனக்கும் சலீமுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் அவர் வீட்டில்தான். அந்த வருடம் தலைவருக்கு, மொத்தச் சாப்பாட்டையும் கேட்டரிங்கில் கொடுத்துவிட ஆசை. ஆன்ட்டி விடவில்லை. இழுபறிக்குப் பிறகு, "இந்த ஒரு வருஷம் பார்ப்போம், ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் அடுத்த வருஷத்துலேந்து கேட்டரிங்தான்" என்று முடிவாகியிருந்தது.

ஆன்ட்டி அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் ஒரு சிவப்பு ரோஜா பூத்திருக்கும். அவருடைய மகன் பள்ளிக் காலத்தில் ஏதோ வாழ்த்து அட்டைத் தளத்திலிருந்து எடுத்து வைத்துக் கொடுத்தது. அந்தத் தளம் எப்போதோ மூடிப்போய், அதன் முகவரி கெட்டவர்கள் கைக்குப் போயிருந்தது. ஆன்ட்டிக்கு அது தெரியாது. என் மென்பொருளுக்குத் தெரிந்துவிட்டது. (மென்பொருள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தமிழில்தான் பிழை.)

விழாவுக்கு முந்தைய நாள் காலை, எத்தனை பேருக்குச் செய்ய வேண்டும் என்று கேட்டு ஆன்ட்டி குழுவுக்கு எழுதினார். அடுத்த நொடி, ஆலனில் உள்ள அத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கும் இது போய்ச் சேர்ந்தது:

"எச்சரிக்கை. சுகந்தி அனுப்பிய 'பொங்கல் விழா தயிர் சாதம்' சோதிக்கப்பட்டது. அதில் நச்சுக்கிருமி கண்டறியப்பட்டுள்ளது. உடனடியாகத் தனிமைப்படுத்தப்பட்டது. யாரும் திறக்க வேண்டாம். ஏற்கெனவே திறந்தவர்கள் தங்களைச் சோதித்துக்கொள்ளவும். இப்படிக்கு, விழிப்புடன், குமரன்."

பாலு அங்கிள்தான் முதலில் அனைவருக்கும் பதில் போட்டார். "போன வருஷம் சாப்பிட்டவங்களும் டெஸ்ட் எடுக்கணுமா?" அவருடைய பதிலின் அடியில் எச்சரிக்கை, எச்சரிக்கையின் அடியில் ஆன்ட்டியின் கடிதம், அதன் அடியில் ரோஜா. மென்பொருள் பாய்ந்தது. பாலு அனுப்பிய தயிர் சாதத்திலும் நச்சுக்கிருமி கண்டறியப்பட்டது. "பாலு எதுக்குத் தயிர் சாதம் அனுப்பறார்?" என்று ஒரு பெண்மணி கேட்டார். அவருக்கும் தொற்றிவிட்டது. "சேஃப்டி முக்கியம், கேட்டரிங் சொல்லிடறேன்" என்று தலைவர் எழுதினார். அவரும் தப்பவில்லை.

நான் பதறவில்லை. நானே அல்லவா நிபுணன். 'தயிர் சாதத்தில் கிருமி இல்லை' என்று தலைப்பிட்டு, கிருமி என்றால் என்ன, எத்தனை வகைப்படும் என்றெல்லாம் விரிவாக ஒரு விளக்கம் எழுதினேன். அவர்களுக்குப் புரியட்டும் என்று ஆன்ட்டியின் கடிதத்தை முழுதாக மேற்கோள் காட்டினேன். ரோஜாவோடு.

"எச்சரிக்கை. குமரன் அனுப்பிய 'தயிர் சாதத்தில் கிருமி இல்லை' சோதிக்கப்பட்டது. அதில் நச்சுக்கிருமி கண்டறியப்பட்டுள்ளது."

சலீம் தரையில் உருண்டான். "மொதல்ல அதை ஆஃப் பண்ணுடா" என்று சொல்ல அவனுக்கு மூச்சு வரவில்லை, கையால்தான் காட்டினான். ஆஃப் செய்து நிமிர்ந்தால் போன் அடித்தது. ஆன்ட்டி.

"குமரா, நான் இன்னும் அரிசியே களையல. அதுக்குள்ள கிருமி எங்கேந்துப்பா வந்துது?"

"ஆன்ட்டி, அது சாதத்துல இல்ல. உங்க ரோஜாவுல."

"ரோஜாவுலயா? நம்ம வீட்ல ரோஜாச் செடியே கிடையாதே."

"இல்ல ஆன்ட்டி, மெயிலுக்குக் கீழ வருமே..."

"நாலு பேர் போன் பண்ணிட்டாங்க. குழந்தைங்களுக்கு வேற சாப்பாடு கொண்டுவந்துடறோம்னு நைஸா சொல்றாங்க. என் கையால இனிமே யாரு வாங்கிச் சாப்பிடுவா?" பிறகு, கோபமே இல்லாத குரலில், "நாளைக்குச் சீக்கிரம் வந்துடு. காலைல ஒண்ணும் சாப்பிடாத" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூட ஹாலில், பொங்கல் பொங்கி முடிந்ததும், ஒரு மடக்கு மேசையை வரிசைக்கு முன்னால் போடச் சொன்னார் ஆன்ட்டி. பெரிய அலுமினிய ட்ரே வந்தது. மாதுளை முத்துகள், கடுகு, கறிவேப்பிலை. பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி.

"எல்லாரும் இப்படி வாங்க. நம்ம சயின்டிஸ்ட் இப்ப டெஸ்ட் பண்ணப் போறாரு. குமரா, உக்காரு."

உட்கார்ந்தேன். தட்டில் மலை போலப் பரிமாறினார். முந்தைய நாள் எனக்குப் பதில் எழுதிய அத்தனை முகங்களும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தன. முதல் வாய் எடுத்து வைத்தேன். முன்வரிசையில் ஒரு பொடியன் அவன் அம்மாவின் புடவையை இழுத்தான்.

"அம்மா, இஸ் ஹீ கோயிங் டு டை?"

"ஷ். வெயிட் பண்ணிப் பாப்போம்."

விழுங்கினேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இஞ்சி. வெட்கத்தை மறந்து, ஊறுகாய் கேட்டு இரண்டாவது தட்டுக்கு நானே கை நீட்டினேன். அப்போதுதான் ஹால் சிரித்தது. "ரிசல்ட் நெகட்டிவ்" என்று பின்னாலிருந்து சலீம் கத்தினான். முதலில் பாலு அங்கிள் தட்டோடு வந்தார். பிறகு வரிசை கதவைத் தாண்டியது. தலைவர் வரவழைத்த வெஜ் பிரியாணி மூடி திறக்காமலே கிடந்தது. (நானும் சலீமும் அதை ஒரு வாரம் தின்றோம்.) ஆன்ட்டியிடம் தட்டை நீட்டிய தலைவரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த வருஷத்துக்கு எவ்ளோ அரிசி வாங்கட்டும்?"

ரோஜா இன்னும் ஆன்ட்டியின் கடிதங்களில் பூக்கிறது. அதற்குள் ஒளிந்திருந்த இணைப்பை மட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ரசம் தாளிக்கும்போது நைசாக எடுத்துவிட்டேன். யாருக்கும் எச்சரிக்கை அனுப்பவில்லை.

ஆனால் ஊர் என்னை விடவில்லை. பாதிப் பேர் போனில் என் பெயர் 'கிருமிக்குமரன்'. அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த மடக்கு மேசை வருகிறது, அந்த நாற்காலி வருகிறது, நான் முதல் வாய் விழுங்கும் வரை வரிசை நகர்வதில்லை. கல்யாணமாகி வந்த என் மனைவி இங்கே தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். போன மாதம் ஒரு குழந்தையின் கட்டுரையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பொங்கல் தமிழர் திருநாள். அன்று சூரியனை வணங்குவோம். பிறகு குமரன் அங்கிள் தயிர் சாதம் சாப்பிடுவார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நாம் சாப்பிடலாம்."

அதற்கு அவள் முழு மதிப்பெண் போட்டிருந்தாள்.