தட்டுப் பலகை

மேசை தட்டுவதையே ஆட்சிமுறையாகக் கொண்ட நாடு ஒன்று உண்டு. மன்னர் பேசுவார், அவை உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். போதும் என்று மன்னர் கை காட்டினால் அது சட்டம்.

அந்நாட்டின் கோடியில், ஆற்றோரமாகக் கரைமேடு என்றொரு சிற்றூர். ஆஸ்பத்திரியும் சந்தையும் அக்கரையில். நடுவே ஒரு மரப்பாலம். அதில் நாலு பலகை ஆட்டம் கண்டிருந்தது. அதைச் சரிசெய்து தருவதாகக் கைகூப்பி ஓட்டுக் கேட்டார் பொன்னுரங்கம். நல்ல மனிதர்தான். யார் வீட்டுக் காதுகுத்தானாலும் முதல் பந்தியில் இருப்பார். ஜெயித்தார்.

தலைநகருக்குக் கிளம்பிய அன்று மீன்காரி இருளாயி வழி மறித்தாள். "எம்மவ மாசமா இருக்கா ஐயா. மழைக்கு முன்னால பாலத்தப் பாத்துக் குடுத்துருங்க."

"அவையில எந்திரிச்சதும் மொத வார்த்தையே பாலந்தான் ஆத்தா" என்றார் அவர்.

எழுந்திருக்க எங்கே விட்டார்கள்? அவர் எழும்போதெல்லாம் மன்னர் பேசத் தொடங்கிவிடுவார். உட்கார்ந்து தட்ட வேண்டியதாகிவிடும். பொன்னுரங்கத்துக்கு அதில் இயல்பாகவே கைவாகு இருந்தது. ஒருநாள் அவர் தட்டிய தட்டில் மேசையே பிளந்தது. மன்னர் மனம் குளிர்ந்து அவரைத் தட்டல் துறைக்கு அமைச்சராக்கினார்.

பிறகு ஆணைகள் வந்தன. உடைந்த மேசைகளுக்குப் பதிலாக உறுதியான தேக்கு வேண்டும் என்றது முதல் ஆணை. தேக்கு எங்கே இருந்தது? கரைமேட்டுப் பாலத்தில். ஆட்டம் கண்ட நாலு பலகையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

"பாலம் போச்சே சாமி!" என்று ஊர் அலறியது.

"போகவில்லை. பதவி உயர்வு பெற்றிருக்கிறது" என்றார் தாசில்தார். "உங்கள் அமைச்சர் இனி உங்கள் பாலத்தின் மேல்தான் தட்டுவார். இந்தப் பெருமை எந்த ஊருக்குக் கிடைக்கும்?"

குடிமக்களும் தட்ட வேண்டும் என்றது அடுத்த ஆணை. ஊர்ப் படகுகளை அறுத்து வீட்டுக்கொரு பலகை கொடுத்தார்கள். அமைச்சர் வாய் திறந்தால் தட்ட வேண்டும். பலகையை வேறெதற்குப் பயன்படுத்தினாலும் சிறை. இந்தச் சட்டத்துக்கு மேசையை ஓங்கித் தட்டியவர் பொன்னுரங்கம்.

ஐப்பசியில் இருளாயி மகளுக்கு வலி கண்டது. ஆறு இரு கரையும் முட்ட ஓடியது. பாலமும் இல்லை, படகும் இல்லை. பிள்ளை ஆற்றங்கரையிலேயே பிறந்தது, அங்கேயே போயும் விட்டது. ஊரோடு நானும் கரையில்தான் நின்றிருந்தேன்.

ஆறுதல் சொல்ல அமைச்சரே வந்தார். எங்கிருந்தோ பிடித்து வந்த ஓட்டைப் பரிசலில் ஏறினார். நடு ஆற்றில் அது கவிழ்ந்தது. வாழ்நாளில் முதன்முறையாக அவர் தொண்டை கிழியப் பேசினார்.

"யாராச்சும் ஒரு பலகையத் தூக்கிப் போடுங்கய்யா!"

"அமைச்சர் உரையாற்றுகிறார்! தட்டுங்கள்!" என்று விறைப்பாக நின்று உத்தரவிட்டார் தாசில்தார்.

ஊரே தட்டியது. இருளாயி ஒருத்திதான் பலகையை எறிய ஓங்கினாள். காவலர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அமைச்சர் இன்னும் ஏதோ சொன்னார். தட்டிய சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் அரசிதழில், அமைச்சரின் கன்னிப்பேச்சுக்குத் தொகுதி மக்கள் பலத்த வரவேற்பு அளித்ததாகச் செய்தி வந்தது. அரசுப் பலகையை எறிய முயன்ற குற்றத்துக்காக இருளாயி சிறையில் இருக்கிறாள்.

இப்போது இடைத்தேர்தல். நேற்றுப் புது வேட்பாளர் கைகூப்பிக்கொண்டே எங்கள் தெருவுக்கு வந்தார். பாலம் என்று சொல்ல வாயைத் திறந்தார். நாங்கள் பலகையைக் கையில் எடுத்தோம்.