விருப்பமின்மை ஆய்வுக் குழு

மாணவிகள் அறுவை சிகிச்சைத் துறையை ஏன் விரும்புவதில்லை என்று கண்டறிய, மருத்துவக் கல்லூரி ஐவர் குழு ஒன்றை அமைத்தது. பாரபட்சம் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக ஐவரும் ஆண்களாகவே நியமிக்கப்பட்டார்கள். ஐவரும் அறுவையில் கைதேர்ந்தவர்கள். கூட்டங்களில் அவர்கள் பேசக் கேட்ட எவரும் இதை மறுக்க மாட்டார்கள்.

பதினான்கு மாதம் பாடுபட்டு, 'மாணவிகளுக்கு இயல்பிலேயே விருப்பமில்லை' என்று நாற்பது பக்க அறிக்கை தயாரானது. அது அச்சுக்குப் போகிற வாரம் பார்த்து, ஒரு மாணவி அறுவைத் துறைக்கு விண்ணப்பித்துத் தொலைத்தாள். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வேறு. குழு அவளை அழைத்தது.

"உட்காரும்மா," என்றார் குழுத் தலைவர். எலும்புப் பிரிவின் பெரிய டாக்டர். மாணவர்கள் வைத்த பெயர் எலும்பர். "உனக்கு விருப்பமில்லைன்னு நாங்க எழுதி முடிச்சாச்சு. நீ பாட்டுக்கு விருப்பம்னு எழுதிக் கொடுத்தா எப்படி?"

"எனக்கு விருப்பம் இருக்கே சார்."

"இருக்குன்னு நீ நினைக்கிற. ஆய்வு வேற மாதிரி சொல்லுது."

"என்னை யாரும் கேக்கவே இல்லையே."

"கேட்டா நடுநிலை கெட்டுடும்மா."

வயிற்றுப் பிரிவுக்காரர் கருணையோடு முன்னால் சாய்ந்தார். "எட்டு மணி நேரம் நிக்கணும். தாங்குவியா?"

"உங்களுக்குக் கத்தி எடுத்துத் தர்ற சிஸ்டர் இருபது வருஷமா நிக்கிறாங்களே சார்."

"அது உழைச்ச கால். உன்னுது படிச்ச கால். சரி, நாளைக்குக் குழந்தை குட்டின்னு ஆனா?"

"உங்களுக்கு எத்தனை சார்?"

"நாலு."

"எப்படிச் சமாளிச்சீங்க?"

"நான் எங்க சமாளிச்சேன், வீட்ல அவ..." என்றவர் இருமினார். குறிப்பெழுதிக்கொண்டிருந்த தலைமை எழுத்தர் அந்த வரியை அடித்தார்.

எலும்பர் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். "எங்க உடை மாத்துவ? ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ரெண்டு கதவு. ஒண்ணுல 'மருத்துவர்'னு இருக்கு, இன்னொண்ணுல 'பெண்கள்'னு இருக்கு. நீ மருத்துவரா, பெண்ணா? முடிவு பண்ணிக்கோ."

"முதல் கதவுல 'ஆண்கள்'னு மாத்தி எழுதிடலாமே சார்."

ஐவரும் அதிர்ந்தார்கள். "ஆண்களுக்குன்னு தனிக் கதவா? அப்புறம் சமத்துவம் என்னாகிறது?"

முப்பது ஆண்டு கோப்புகளில் ஊறிய தலைமை எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். "ஐயா, விண்ணப்பத்துல பாலினம்னு ஒரு கட்டம் இருக்கு. பாப்பா அதுல 'ஆண்'னு போட்டுட்டா, பெண் யாரும் விண்ணப்பிக்கலைன்னு அறிக்கையும் நிக்கும், பாப்பாவுக்கு இடமும் கிடைக்கும். உடை மாத்தத் துடைப்பம் வைக்கிற அறை இருக்கு. அந்தக் கதவுல ஒண்ணும் எழுதலை."

"அது பொய்யாச்சே," என்றாள் மாணவி.

"பொய் இல்லம்மா. பதிவு."

மறுத்தால் குழந்தைகள் பிரிவு. அங்கே அவள் கேட்காமலே இடம் தயாராக இருந்தது. எழுத்தர் நீட்டிய பேனாவை வெகுநேரம் மூடியோடு பிடித்திருந்தாள். பிறகு மூடியைக் கழற்றினாள்.

அறிக்கை வெளியாகி விருதும் பெற்றது; அறுவைத் துறை விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்போடு குழுவும் நிரந்தரமானது. பெண்ணுரிமை பேசுகிற நாம் விடுவோமா? பெண் இல்லாத குழு ஒழிக என்று கல்லூரி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். துண்டறிக்கை அடித்தோம், தடியடி வாங்கினோம். பத்தாம் ஆண்டில் வென்றோம். இனி அந்தக் குழுவுக்குப் பெண்ணே தலைவர் என்று ஆணை வந்தது. கல்லூரியில் இருந்த ஒரே பெண் அறுவை மருத்துவர், அன்றைக்குப் பேனா பிடித்த அதே மாணவிதான். பதிவேட்டின்படி அவர் ஆண் என்பதால் நிர்வாகத்துக்கும் ஆட்சேபம் இல்லை. அவரை நாற்காலியில் அமர்த்திக் கைதட்டிவிட்டு, பந்தலைப் பிரித்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

மறுநாளே ஒரு மாணவி அறுவைத் துறைக்கு விண்ணப்பத்தோடு வந்தாள். பாலினக் கட்டத்தில் 'பெண்' என்று அழுத்தி எழுதியிருந்தாள்.

"இதைத் திருத்திட்டு வா," என்றார் புதிய தலைவர்.

"நீங்களே இப்படிச் சொல்லலாமா மேடம்?"

தலைவர் கோப்பை மூடினார்.

"முதல்ல இந்த மேடத்தை விடு," என்றார். "சார்னு கூப்பிடு."